பொறி எங்கே போயிற்று?

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"என் கணவர் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் துடைத்து, கடற்கரை வரை ஒரு சுற்றுப் போய் வருவார். என் மாமனார் வாங்கிய கார் அது. அவர் போன பிறகு நான் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓட விட்டு நிறுத்தி வந்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு கிளம்பவே மாட்டேன் என்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். 'காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ஒயரிங் எல்லாமே போச்சு, பூராவும் மாற்ற வேண்டும்' என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, 'எடைக்குப் போட்டுவிடு அம்மா' என்கிறான். உண்மையிலேயே இந்த வண்டி செத்துத்தான் போய்விட்டதா? அதை மட்டும் சொல்லுங்கள். விற்பதா, வைத்துக் கொள்வதா என்பதை நானே தீர்மானித்துக் கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் இந்தச் சகோதரியிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று. ஆகவே விற்கிற விஷயத்தில் நான் தலையிடப் போவதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அம்பாஸிடர், ஃபியட், மோரிஸ் மைனர் என்று பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் அது பயன்படும்.

என் பதில் இதுதான்: வண்டி செத்துவிட்டது என்று சொல்வதற்கு இதுவரை ஓர் அத்தாட்சியும் இல்லை. அந்த மெக்கானிக்குக்குக் கோளாறு இன்னது என்று தெரிந்திருந்தால், "இந்தச் சாமான் கெட்டிருக்கிறது" என்று ஒன்றைச் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது வைத்தியம் ஆகுமா? சளி பிடித்தவரிடம் மூக்கு, தொண்டை, மார்பு மூன்றையும் மாற்றச் சொல்லும் டாக்டரை நாம் ஒப்புக் கொள்வோமா?

பழைய கார்களில் ஒரு சௌகரியம் உண்டு. பெட்ரோலைப் பற்ற வைக்கும் மின்சார ஏற்பாட்டிலுள்ள சாமான்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்டரியில் புறப்படும் கரண்ட் ஒரே பாதையில் போகிறது. எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று அந்தப் பாதையோடு போய்ப் பார்த்தால் குற்றவாளி தானே அகப்பட்டுக் கொள்வான். காசு செலவழிப்பது அதற்குப் பிறகுதான்.

"காரைப் பிரித்துப் பார்ப்பது பெண்கள் செய்கிற காரியமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், பெர்த்தா பென்ஸ் அம்மாளின் கதையைச் சொல்லுங்கள். மோட்டார் காரை உண்டாக்கிய ஜெர்மானியர் கார்ல் பென்ஸின் மனைவி அவர். 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக் கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய் வீட்டுக்கு அந்த வண்டியில் புறப்பட்டு விட்டார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். உலகத்தில் முதல் நெடுந்தூர மோட்டார் பிரயாணம் அதுதான். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக் கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரி செய்தார். பற்றவைக்கும் ஒயரின் மேலுறை தேய்ந்து கரண்ட் ஒழுகிற்று. காலுறை நழுவாமல் கட்டும் பட்டியை அவிழ்த்து ஒயரில் சுற்றினார் என்று சொல்வார்கள். ஆக, சாலையில் இந்தக் கோளாறை முதலில் தீர்த்து வைத்தது ஒரு பெண்மணிதான்!

பொறி பிறக்கும் விதம்

பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் நுனியிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். பன்னிரண்டை ஆயிரங்களாகப் பெருக்கித் தருவது காயில். அதற்குள்ளே இரும்புத் தண்டைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. மற்றொன்று தலைமயிர் போன்ற மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று.

தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறந்து விட்டுச் சட்டென்று மூடினால் குழாய் முழுவதும் 'டக்'கென்று அதிர்கிறதல்லவா? காயிலிலும் ஏறக்குறைய அதேதான். தடித்த கம்பியில் ஓடிக் கொண்டிருக்கும் கரண்டைத் திடீரென்று துண்டித்தால், அந்த அதிர்ச்சி மெல்லிய கம்பியில் பெரிய வோல்டாகப் பாய்கிறது. அந்தத் துண்டிக்கும் வேலையைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயிண்ட்'. இரண்டு சிறு உலோகப் பொட்டுகள், சேரும், பிரியும். பிரிகிற சமயத்தில் அங்கேயே பொறி பறந்து வீணாகாமல் தாங்கிக் கொள்வது கண்டென்ஸர்.

காயிலிலிருந்து வரும் பெரிய கரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவே இறங்குகிறது. உள்ளே சுழலும் ரோட்டர் அதை ஒவ்வொரு பிளக்குக்கும் கொடுக்கிறது. பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. ஆனால் வரிசையாகப் பரிமாறுவதில்லை. ஹெரால்டிலும் அம்பாஸிடரிலும் முதல் இலை, பிறகு மூன்றாவது, நாலாவது, கடைசியில் இரண்டாவது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் நாலு பிளக்கிலுமாக 6000 பொறி பறக்க வேண்டும். இவ்வளவு வேலை செய்யும் சாமானில் எப்போதாவது தகராறு வருவது ஆச்சரியமில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நல்ல உருவம் கொடுத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1909-ல் அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் 'டெல்கோ'. தென்னாட்டுப் பட்டறைகளில் சிலர் டிஸ்ட்ரிபியூட்டரையே 'டெல்கோ' என்று சொல்வது இதனால்தான்.

தொடுவதற்கு முன்னால்

கை வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். இது அலங்காரச் சமாசாரம் அல்ல. தங்க வளையல் பாட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரே சமயத்தில் தொட்டுவிட்டால் கணத்தில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள். பின்னலை முடிந்து கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்து வையுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் அன்றைக்குப் பரீட்சை வேண்டாம். இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக் கொண்டவர்கள் இதன் கிட்டே வரவே கூடாது.

ஹெரால்டுக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான வண்டி அது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகள் உட்பட, முன்னால் சாய்ந்து திறந்து கொள்ளும். எஞ்சின் பூராவும் கண்ணெதிரே தெரியும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து கொண்டே வேலை பார்க்கலாம்!

ஒன்று: பாட்டரி

முன்விளக்கைப் போட்டுக் கொண்டு செல்ஃபை அடியுங்கள். விளக்கு லேசாக மங்கினால் சரி. அணைந்தே போகிறாற்போல் மங்கி, செல்ஃபும் முனகினால், கோளாறு பாட்டரியில் அல்லது அதன் முனைகளில். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பாட்டரிக்குள் ஒரு சொட்டும் போகாமல் துடைத்து, காய்ந்ததும் இறுக மாட்டி வாஸ்லைன் தடவி விடுங்கள். பாட்டரி அருகே நெருப்புக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் பாஸிட்டிவ் முனையே எர்த். புதுப் பாட்டரி போடுகிறவர் இதைக் கவனிக்காமல் மாற்றி மாட்டிவிடுவதுண்டு.

மயிலாப்பூர்ச் சகோதரியின் காரில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆகவே இந்தப் படியை அவர் தாண்டியாயிற்று.

இரண்டு: பிளக்கில் பொறி வருகிறதா?

ஒரு புதிய பிளக் வாங்குங்கள். எஞ்சினிலுள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். அதன் தலையிலுள்ள ஒயரை மட்டும் உருவிப் புதுப் பிளக்கில் மாட்டுங்கள். அந்தப் பிளக்கை எஞ்சினின் வெறும் உலோகத்தில் நன்றாகப் படும்படி கிடத்திவிட்டு விலகி நில்லுங்கள். கையில் பிடித்துக் கொண்டிருக்க வேண்டாம். இன்னொருவர் செல்ஃபை அடிக்கட்டும். 'சட் சட்' என்று நீலம் கலந்த வெண் பொறி பறந்தால் மின்சாரப் பாதை முழுவதும் சரி. பிறகு பார்க்க வேண்டியது எஞ்சினிலுள்ள பழைய பிளக்குகளை. அவையும் சரியென்றால் பெட்ரோலை. மஞ்சளாக, நூல் போலப் பொறி வந்தால் பலவீனம். வரவே இல்லையென்றால் அடுத்த படி.

இங்கே அந்தச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓட விடுவதை இனிமேல் செய்யாதீர்கள். எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் பிளக்குகளில் கரி அடைகிறது. செல்ஃப் இழுத்த கரண்டும் பாட்டரிக்குத் திரும்பி வருவதில்லை. ஓட்டினால் அரை மணி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் சும்மா இருக்க விட வேண்டும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக் கரி போல் கறுத்து ஈரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். துடைத்து, இடைவெளியை 0.025 அங்குலமாக வைத்து மாட்டினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும்.

மூன்று: மூடியும் ரோட்டரும்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவே வரும் தடித்த ஒயரை உருவி, மர இடுக்கியால் பிடித்து, அதன் நுனியை உலோகத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துச் செல்ஃபை அடிக்க வேண்டும். இதை மெக்கானிக்கைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். இங்கே நல்ல பொறி பறந்து பிளக்கில் மட்டும் வரவில்லையென்றால், காயிலும் பாயிண்டும் குற்றமற்றவை. குற்றவாளி மூடி, ரோட்டர், அல்லது பிளக் ஒயர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை வண்டிகள் படுத்துக் கொள்வதற்கு முக்கிய காரணம் மூடிக்குள் கோக்கும் ஈரம். கண்ணுக்குத் தெரியாத ஈரமே போதும். பெரிய கரண்டு பிளக்குக்குப் போகாமல் ஈரத்தில் ஊர்ந்து எர்த்துக்குப் போய்விடும். மூடியைக் கழற்றி உலர்ந்த வெள்ளைத் துணியால் உள்ளும் புறமும் துடைத்து வெயிலில் வையுங்கள். உள்ளே எறும்புச் சாரி மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? அது விரிசல் அல்லது கரண்டு எரித்துப் போட்ட பாதை. அப்படியானால் மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவே இருக்கும் சிறு கரித்துண்டு தேய்ந்து மறைந்துவிடவில்லையே என்றும் பாருங்கள்.

ஒயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள். இலை மாறிப் பரிமாறினால் எஞ்சின் 'டப் டப்' என்று வெடிக்கும், கிளம்பாது.

நாலு: காயிலும் பாயிண்டும்

நடு ஒயரிலும் பொறி இல்லையா? இப்போது ஒரு விளக்கு வேண்டும். கார் விளக்குக்குப் போடும் 12 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு ஒயர், அவ்வளவுதான் கருவி. ஒரு ஒயரை எஞ்சின் உலோகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சாவியைப் போட்டு, மற்ற ஒயரைக் காயிலின் முதல் முனையில் தொடுங்கள். பழைய காயில்களில் அதற்கு எஸ்.டபிள்யூ. என்று குறி இருக்கும். பல்பு எரிந்தால் சாவி வழியாகக் கரண்டு காயில் வரை வந்துவிட்டது என்று அர்த்தம். எரியாவிட்டால் சாவி, அல்லது நடுவிலுள்ள ஓர் ஒயர்தான் கோளாறு. 'ஒயரிங்' என்ற வார்த்தைக்கே இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் இடமுண்டு. அப்போதும் அந்த ஒரு ஒயரை மாற்றினால் போதும்.

அங்கே எரிந்தால், காயிலின் மற்ற முனையில் தொடுங்கள், குறி சி.பி. செல்ஃபை அடிக்கும்போது பல்பு மினுக்கி மினுக்கி எரிய வேண்டும். பாயிண்ட் பிரிந்தால் எரியும், சேர்ந்தால் அணையும். அணையாமல் எரிந்து கொண்டே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை, அல்லது அழுக்குப் பிடித்திருக்கிறது. எரியவே இல்லையென்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ஒயரை அந்த முனையிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி தொடுங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது: கண்டென்ஸரோ, உறை தேய்ந்த சின்ன ஒயரோ. இப்போதும் எரியவில்லையென்றால் காயிலின் கம்பி அறுந்திருக்கிறது. காயிலை மாற்றலாம், வருத்தப்படாமல் மாற்றலாம்!

பல மாதம் நின்ற வண்டியில் பாயிண்டின் மேல் மெல்லிய படலம் படர்ந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கரண்டு மட்டும் தாண்டாது. நைஸான உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, பிறகு சுத்தமான காகிதத்தை நடுவே நுழைத்து இழுத்துத் துடைப்பு, தீர்ந்தது காரியம். பாயிண்ட் முழுவதும் பிரிந்திருக்கையில் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும். இதை அளக்க ஃபீலர் கேஜ் என்ற தகடு உண்டு; கண் மதிப்பு உதவாது. பொட்டுகள் கருகி, ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமுமாக இருந்தால் கண்டென்ஸரைச் சந்தேகியுங்கள். ஆனால் கடையில் வாங்கினது என்பதாலேயே புதுக் கண்டென்ஸர் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். மாட்டின மறுநாளே படுத்துக் கொள்ளும் சரக்கும் இருக்கிறது. வேலை செய்து கொண்டிருக்கும் பழையதை எறியாதீர்கள்.

சூடானால் நிற்கும் வண்டி

சில வண்டிகள் காலையில் ஒழுங்காகக் கிளம்பும்; அரை மணி ஓடி நடு ரோட்டில் நிற்கும்; ஆறினால் மறுபடி ஓடும். காயிலோ கண்டென்ஸரோ சூட்டில் தளர்ந்து போனால் இப்படி ஆகும். வெயிலில் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக் கொண்டாலும் இதே மாதிரிதான். எது என்று தெரிய வேண்டுமானால் நின்ற அந்த நிமிஷத்திலேயே பொறி பார்க்க வேண்டும். பொறி இருந்தால் பெட்ரோல், இல்லாவிட்டால் மின்சாரம். ஆறின பிறகு பட்டறைக்குக் கொண்டு போனால் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. புதுப் பிளக் ஒன்று காரிலேயே இருக்கட்டும்.

எஞ்சின் ஓடாதபோது சாவியைப் போட்டே வைத்திருப்பது காயிலுக்கு எமன். பாயிண்ட் சேர்ந்த நிலையில் நின்றிருந்தால் நாலு ஆம்பியர் அளவுக்குக் கரண்டு ஓயாமல் ஓடிக் காயிலைக் கொதிக்க வைத்துவிடும். பேரக் குழந்தைகள் டிரைவர் விளையாட்டு விளையாடுகிற வீட்டில் சாவி மேலே ஆணியில் தொங்கட்டும்!

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

சகோதரி அவர்களே, இவ்வளவையும் உங்கள் கையாலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. மூன்று கேள்வி கேட்டால் போதும். "பிளக்கில் பொறி வருகிறதா, எனக்குக் காட்டுங்கள்." "காயில் வரை கரண்டு வருகிறதா, பல்பு வைத்துக் காட்டுங்கள்." "ஒரு சமயத்தில் ஒரே ஒரு சாமானை மாற்றி, மாற்றினதும் கிளம்புகிறதா என்று பார்ப்பீர்களா?" தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகச் செய்வார். முகம் சுளிப்பவரை மரியாதையாக அனுப்பிவிடலாம்.

கழற்றினது எதுவானாலும் வாங்கி ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். 2021-ல் மத்திய சர்க்கார் கொண்டு வந்த விதிகளின்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, பழைய உருவத்திலேயே இருக்கும் கார்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்தால் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். பழைய சாமானோடு இருக்கும் வண்டிக்கு, விற்கும்போதும் மதிப்பு வேறு.

வெளிநாட்டுப் பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள். நின்று போன காரை எடைக்கு வாங்க வருகிறவன் இரும்பின் விலைதான் கொடுப்பான். ஓடுகிற ஹெரால்டைக் கேட்டு வருகிறவர் வேறு விலை பேசுவார். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில சமயம் ஓர் உப்புத்தாள் துண்டுதான். விற்பதானாலும் சரி, வைத்துக் கொள்வதானாலும் சரி, எஞ்சின் சத்தத்தை ஒரு முறை காதால் கேட்ட பிறகு தீர்மானியுங்கள்.

அடுத்த வாரம்: தையல் மிஷினில் நூல் அறுந்து கொண்டே இருப்பது ஏன்?